அது பெருவெடிப்பின் படம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இதழில் பிரபஞ்சத்தின் ஆரம்பம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இதையெல்லாம் தமிழில் படிக்கக் கிடைப்பதே பெரிய சந்தோஷம். ஆனால் அந்த நீலமும் சிவப்புமான முட்டை வடிவப் படத்துக்குக் கீழே ‘பெருவெடிப்பின் படம்’ என்று போட்டிருந்தீர்கள், அது தப்பு. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி அதை வெட்டி, அந்த வரியோடு அப்படியே நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு வான் ரீனன் கணவாய் மூடுபனி தெரியும். ஹெட்லைட்டைப் போட்டாலும் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுச் சிதறி, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும், ரோடு தெரியாது. ஆரம்பகாலப் பிரபஞ்சமும் அப்படித்தான், பனித்துளிக்குப் பதில் எலக்ட்ரான்கள். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 வருஷம் கழித்து, சூடு ஏறக்குறைய 3000 கெல்வினுக்கு இறங்கிய பிறகுதான் எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஆயின, ஒளிக்கு வழி கிடைத்தது. அன்று கிளம்பிய ஒளிதான் பிரபஞ்சம் விரிய விரிய அலைநீளம் சுமார் 1100 மடங்கு நீண்டு, நுண்ணலையாகி (மைக்ரோவேவ்), இன்று 2.725 கெல்வினில் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. 1964-ல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஆன்டெனாவை எங்கே திருப்பினாலும் போகாத இரைச்சலாகக் கேட்டது இதைத்தான், ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம் படமாக்கியதும் இதைத்தான், உங்கள் முட்டை வடிவப் படத்தில் இருப்பதும் இதுதான். அதற்கு முந்தியது பனிக்குள் இருக்கிறது, ஒளியை வைத்து நேரே பார்க்க வழியில்லை. அப்புறம், அந்த நீலமும் சிவப்பும் நிஜ நிறங்கள் அல்ல, லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அங்கே சூட்டில் வித்தியாசம். அந்த ஏற்ற இறக்கம்தான் பின்னாளில் கேலக்ஸிகளாகத் திரண்டது.

இன்னொன்று. கட்டுரையில் நாசா வந்தது, ஐரோப்பா வந்தது, எங்கள் ஊர் வரவில்லை. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சுமார் 5190 மீட்டர் உயரத்தில் 6 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 2022 வரை இதே ஒளியை அளந்தது. காற்றின் ஈரம் நுண்ணலையை விழுங்கிவிடும் என்பதால்தான் அவ்வளவு தூரம் ஏறினார்கள், டர்பன் புழுக்கத்தில் நடக்கிற காரியமா அது! ஆனால் அந்தக் கூட்டுமுயற்சியில் எங்கள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இருந்தார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து அதன் வெஸ்ட்வில் வளாகம் காரில் கொஞ்ச தூரம்தான். இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடலாமா?

அடுத்த இதழிலேயே ‘பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி’ என்று திருத்திப் போடுங்கள். அந்தப் பெண்ணின் நோட்டில் பழைய வரியைப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறேன், உங்கள் திருத்தத்தை வெட்டி அதன்மேல் ஒட்டச் சொல்வதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்