பழைய புதன் கோள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்த செய்தி அறிந்து நிம்மதியடைந்தேன். பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்கு உங்கள் கேள்விதான் காரணம். பள்ளிப் பருவத்தில் நாம் மாற்றி மாற்றிப் படித்த விண்வெளி சாகச நாவல்களை, அறிவியல் இத்தனை தூரம் முன்னேறிவிட்ட பிறகு, உங்கள் பேத்திக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழைய நினைவை மட்டும் நம்பிப் பதில் சொல்ல மனம் ஒப்பாததால், சிலவற்றை எடுத்து மறுபடி படித்தேன்.

ஐசக் அசிமோவ், பால் ஃபிரெஞ்ச் என்ற புனைபெயரில் 1952 முதல் 1958 வரை எழுதிய லக்கி ஸ்டார் நாவல்கள் ஆறையும் முதலில் முடித்தேன். அவற்றில் வெள்ளிக் கோள் கடலால் மூடப்பட்டிருக்கிறது. புதனின் ஒரு பக்கத்தில் என்றும் பகல், மறுபக்கத்தில் என்றும் இரவு. வெள்ளியின் தரையில் கடல் நிற்கவே முடியாத அளவு வெப்பம் என்பதை 1962இல் மாரினர் 2 விண்கலம் உணர்த்தியது. புதன் ஏறத்தாழ 59 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது என்று 1965இல் ரேடார் ஆய்வு காட்டியது; ஆகவே என்றும் பகலாகவே இருக்கும் பக்கம் அதற்குக் கிடையாது. பின்னர் வந்த மறுபதிப்புகளுக்கு அசிமோவ் தம் சொந்தப் பெயரிலேயே முன்னுரை எழுதி, எது தவறாகிப்போனது, எந்தக் கண்டுபிடிப்பால் என்று இளம் வாசகர்களுக்கு விளக்கினார். கதையை அப்படியே விட்டுவிட்டார். நாம் அன்று புரட்டித் தள்ளிய அந்த இரண்டு பக்கங்கள்தாம் இம்முறை என்னை அதிகம் நெகிழச் செய்தன. சிறுவர்கள்தானே என்று எண்ணாமல் அவர்களிடம் கணக்கு ஒப்படைக்கும் அந்த மரியாதை, இன்றைய புத்தகங்களில் எனக்கு அரிதாகவே தென்படுகிறது.

ராபர்ட் ஹைன்லைன் 1950இல் எழுதிய 'ஃபார்மர் இன் த ஸ்கை' நினைவிருக்கிறதா? வியாழனின் துணைக்கோளான கானிமீடில் ஒரு சிறுவன் வயல் உண்டாக்குகிறான். அங்கே பாறைதான் உண்டு, மண் கிடையாது. பாறையை இயந்திரத்தால் நொறுக்கிப் பொடியாக்கி, நுண்ணுயிர் வாழும் மண்ணை அதில் கலந்து, அது பரவும்வரை காத்திருக்க வேண்டும். விண்கலம் எப்போது வரும் என்று அன்று நான் தாண்டிப் போன பகுதி இது. இப்போது இரண்டு முறை படித்தேன். ஒரு கைப்பிடி மண் எத்தனை பேருடைய உழைப்பு என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன வேறொரு சாகசக் கதை எனக்குத் தெரியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாவல்களில் பெண்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். உங்கள் பேத்தி அதைக் கட்டாயம் கேட்பாள், கேட்கவும் வேண்டும். அதனால் ஹைன்லைனின் 1958ஆம் ஆண்டு நாவலான 'ஹேவ் ஸ்பேஸ் சூட், வில் டிராவல்' நூலையும் சேர்த்து அனுப்புகிறேன். அதில் வரும் பீவீ என்ற சிறுமி, கதாநாயகனைவிடக் கூர்மையானவள்.

முதலில் புதன் கதையைக் கொடுங்கள். முன்னுரையைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள். தவறு எங்கே என்று அவளாகவே முன்கூட்டிக் கண்டுபிடித்துவிட்டால், உடனே எனக்கு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்