தூத்துக்குடிக்குத் தூண்டிலோடு போகும் மகளுக்கு

மேட்டூர்,
ஜூலை 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். இந்த மாதக் கடைசியில் அலுவலக வேலையாக நான்கு நாள் தூத்துக்குடிக்குப் போவதாகவும், அதிகாலையில் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் கரையில் நின்று தூண்டில் போட முடியுமா என்றும் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். கடந்த தை மாதம் நண்பர் வீட்டுத் திருமணத்துக்காக மூன்று நாள் அங்கே தங்கியபோது, அணைக்கரையில் நாற்பது வருடம் தூண்டில் போட்ட பழக்கம் போதும் என்று நம்பி நான் செய்த தவறுகளை நீயும் செய்ய வேண்டாம் கண்ணு.

முதல் நாள் விடியற்காலை, கடற்கரைச் சாலையில் ரோச் பூங்காவைத் தாண்டிப் போய், கண்ணில் பட்ட முதல் கற்குவியலின் மேல் நின்று தூண்டிலை வீசினேன். ஊரிலிருந்து ஈரமண்ணோடு டப்பாவில் கொண்டுபோன மண்புழுக்கள் உப்புத் தண்ணீரில் பட்டவுடன் துவண்டு, சிறிது நேரத்தில் வெறும் நூல்போல ஆகிவிட்டன. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து தூண்டில் முட்களும் ஐந்து ஈயக்குண்டுகளும் கல்லிடுக்கில் சிக்கி அறுந்தன. பத்து அடி தள்ளி நின்றிருந்த ஒரு பெரியவரோ கோலும் இல்லாமல், இழை சுற்றும் சக்கரமும் இல்லாமல், தண்ணீர்ப் பாட்டிலில் சுற்றிய தங்கூசியை மட்டும் வைத்துக்கொண்டு, வரிசையாகக் கிழங்கான் மீன்களை எடுத்துக்கொண்டிருந்தார். (நரம்பு என்று நாம் சொல்லும் நைலான் இழைக்கு அங்கே தங்கூசி என்று பெயர், கடையில் அப்படியே கேள்.)

காரணத்தை அன்று மாலைதான் கண்ணால் பார்த்தேன். நம் அணையில் நீர்மட்டம் 100 அடியிலிருந்து 120 அடியைத் தொடப் பல நாட்கள் ஆகும். கடலோ ஒரே நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. மன்னார் வளைகுடாவில் இந்த ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், கரையோரம் ஆழமில்லாத இடங்களில் அந்தச் சிறு வித்தியாசமே ஒரு பெரிய பரப்பைத் திறந்து காட்டிவிடுகிறது. வற்று நேரத்தில் போய் நின்றபோது, காலையில் நான் முட்களைத் தொலைத்த இடம் முழுவதும் பாசி படிந்த கல்லாகவும், பெரியவர் நின்ற இடத்துக்கு நேரே ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு மணல் வாய்க்கால் ஒன்று கடலுக்குள் ஓடுவதாகவும் தெரிந்தது. கிழங்கான் மணலில் மேயும் மீன். நீர் ஏறும்போது அந்த வாய்க்கால் வழியாகவே கரைக்கு வருகிறது. ஆகவே நீ போய்ச் சேரும் நாளில் தூண்டிலை அறையிலேயே வைத்துவிட்டு, வற்று நேரத்தில் கரையோரம் நடந்து, மணல் எங்கே, கல் எங்கே, பாசி எங்கே என்று பார்த்து வை. ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

இரண்டாம் நாள் அந்தப் பெரியவரிடமே போய், "அண்ணாச்சி, நான் வெளியூர், எனக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டேன். அவர் பாட்டில் தூண்டிலை என் கையில் கொடுத்து, தங்கூசியை ஆட்காட்டி விரலின் மேல் ஓடவிட்டுப் பிடிக்கச் சொன்னார். கிழங்கான் தொட்டால் விரலில் டக் டக் என்று இரண்டு தட்டு விழுகிறது. கோலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியவே தெரியாது. இரைக்கு இறாலைத் தோலுரித்து, சுண்டுவிரல் நகத்தளவு நறுக்கிக் கோத்தால் போதும். ஈயத்தை முள் இருக்கும் இழையிலேயே கட்டாமல், அதைவிட மெல்லிய இழைத்துண்டில் தனியாகத் தொங்கவிட்டால், கல்லில் சிக்கும்போது ஈயம் மட்டும் போகும், முள் திரும்பி வரும். பெரியவர் ஈயத்துக்குப் பதிலாகப் பழைய நட்டுகளைத்தான் கட்டியிருந்தார்.

இனி நான் எழுதுவதை இரண்டு முறை படி. மூன்றாம் நாள், கல்லில் சுரண்டிய பாசியை மைதா மாவோடு பிசைந்து போட்டதில், பழுப்பு உடம்பில் வெளிர்ப் புள்ளிகள் கொண்ட, உள்ளங்கை நீள மீன் ஒன்று ஏறியது. ஜிலேபி மீனைப் பிடிப்பதுபோல முதுகை அமுக்கிப் பிடித்தேன். "விடுங்க, அது ஓரா!" என்று பெரியவர் கத்தியபோது மீனின் முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஓராவுக்கு முதுகில் 13, அடியில் 7, வயிற்றுத் துடுப்புகளில் 4 என்று 24 முட்கள், அத்தனையிலும் நஞ்சு. தோள்பட்டை வரை வலி இழுத்தது. அவர் என்னைப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப்போய், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வாங்கி, மறு கையால் சூடு பார்த்த பிறகு விரலை அதில் முக்கி வைக்கச் சொன்னார். அந்த நஞ்சு சூட்டில் முறியும் வகையைச் சேர்ந்தது. முக்கால் மணி நேரத்தில் வலி பெரும்பாலும் அடங்கியது. முகம் தெரியாத ஒருவனுக்காகத் தன் காலை மீன்பிடிப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன். கடல் கெளுத்தியின் முள்ளும் இப்படித்தான் குத்தும். பெயர் தெரியாத மீனை வெறுங்கையால் தொடாதே. ஈரத்துணியும் குறடும் வைத்துக்கொள். வலி குறையாவிட்டாலும், முள் உள்ளே ஒடிந்திருந்தாலும் தயங்காமல் மருத்துவமனைக்குப் போ. உப்பி உருண்டையாகும் பேத்தை மீன் கிடைத்தால் கடலிலேயே விட்டுவிடு, அதைச் சாப்பிடவே கூடாது.

துறைமுகத்தின் நீண்ட அலைதடுப்புச் சுவர்களைப் பார்த்தால் உனக்கு ஆசை வரும். ஆனால் அது அனுமதி இல்லாமல் போகக்கூடாத இடம். எதிரே தெரியும் தீவுகளுக்கும் அப்படியே. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை. கரையில் கடல் அட்டையோ கடல் குதிரையோ கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு வா, கையில் எடுக்காதே. அவை சட்டப்படி காக்கப்படும் உயிர்கள். அறுந்த தங்கூசியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடு. அது பறவைகளின் காலில் சுற்றிக்கொள்வதை அங்கே பார்த்தேன், மனம் கேட்கவில்லை.

நீ போகும் நாட்களில் பனிமய மாதா பேராலயத் திருவிழா நடக்கும். ஜூலை 26-இல் கொடியேற்றி ஆகஸ்ட் 5 வரை ஊரே நிறைந்திருக்கும். அறையை இப்போதே பதிவு செய். ஆடி மாதக் கச்சான் காற்று அங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசுமாம். வீசிய தூண்டில் தூரம் போகும், ஆனால் இழை வில்போல வளைந்து தட்டு தெரியாமல் போகும், அதனால் சற்றுக் கனமான ஈயம் கட்டு. ஒவ்வொரு நாளும் திரும்பியதும் சக்கரத்தையும் முட்களையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடை, இல்லாவிட்டால் இரண்டே நாளில் துருவேறும்.

இதோடு வரும் பொட்டலத்தில், நானே பாட்டிலில் சுற்றிய ஐம்பது மீட்டர் தங்கூசி இருக்கிறது. பழைய நட்டுகள் பத்து, துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். முட்களை ஒரு தக்கையில் குத்தி அடியில் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது பார்த்துப் பிரி.

அன்புடன்,
அப்பா