காட்டில் விமானம் இறங்கினால்: கோவில்பட்டி, கயத்தாறு ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாரே, தாய்மாரே, தம்பி தங்கச்சிமாரே,

கோவில்பட்டி ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயன்று வருவது உங்களுக்குத் தெரியும். டீக்கடைப் பேச்செல்லாம் வேலை கிடைக்குமா, நிலத்து விலை ஏறுமா என்பதில்தான் இருக்கிறது. சரி, பேசட்டும். நான் விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன். என் கவலை வேறு. பயிற்சி விமானங்கள் பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் வண்டிகள். அந்த ஒன்று நின்றுபோனால் அவை இறங்கப்போவது நம் விவசாயக் காட்டில்தான். ஓட்டுகிற பிள்ளைக்கு அதற்குப் பயிற்சி உண்டு. கீழே நிற்கிற நமக்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லாட்டம் விழாது. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டால், ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் தூரம் மிதந்து வரும். 3000 அடியில் நின்றுபோனால் கையில் இருப்பது சுமார் நான்கு நிமிடம். அதற்குள் எஞ்சினை மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும், ரேடியோவில் 'மேடே' என்று ஆபத்து அழைப்புச் சொல்ல வேண்டும், இறங்க இடமும் பார்க்க வேண்டும். எஞ்சின் நிற்பதற்குப் பெரிய பழுதெல்லாம் தேவையில்லை. பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், அதில் தண்ணீர் கலந்திருக்கலாம். பழைய மாடல் என்றால் பெட்ரோலையும் காற்றையும் கலக்குகிற கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடித்து அடைத்துக்கொள்ளும். நம்ம ஊர் வெயிலில் பனிக்கட்டியா என்று சிரிக்காதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருந்ததைவிட 20 டிகிரிக்கு மேல்கூடக் குறைந்துவிடும். ஐப்பசி மாசத்து ஈரக்காற்றே அதற்குப் போதும்.

மேலிருந்து பார்க்கிறவருக்கு நம் கரிசல்காடு நல்ல இடமாகத்தான் தெரியும். காற்றுக்கு எதிராக இறங்கினால் தரையைத் தொடும்போது வேகம் குறைவாக இருக்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கயத்தாறு காற்றாலைகளே காட்டிக்கொடுத்துவிடும், இறக்கைகள் காற்றைப் பார்த்துத்தானே நிற்கின்றன. ஆனால் அந்தக் காற்றாலைகளிலிருந்து கரண்டு கொண்டுபோகிற கம்பி மேலிருந்து கண்ணுக்கே தெரியாது. கம்பங்களைப் பார்த்து யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். உழவு சாலுக்குக் குறுக்கே இறங்கினால் சக்கரம் முறியலாம். மழை பெய்த கரிசலில் முன்சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழலாம். வறண்ட கண்மாய் மைதானமாகத் தெரியும், கிட்ட வந்தால் பூராவும் வேலிக்கருவை. சாலையில் இறங்குவதும் உண்டு; 2025 நவம்பரில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பயிற்சி விமானம் நெடுஞ்சாலையில்தான் இறங்கியது. இத்தனையும் பார்த்துவிட்டு உங்கள் உளுந்துக் காட்டில் வந்து நிற்கிற பிள்ளையிடம் முதல் வார்த்தையே பயிரைப் பற்றியதாக இருக்க வேண்டாம். பயிரைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வேறு, அதற்கு வருகிறேன்.

எனக்குப் பயமெல்லாம் விமானம் இறங்கி நின்ற பிறகுதான். ஊரே ஓடி வரும். பைக்கைப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவார்கள், வாயில் பீடி, கையில் செல்போன். இறக்கைக்குள் இருப்பது பெட்ரோல், 200 லிட்டர் வரைகூட இருக்கும். அதைவிட ஆபத்து, முன்னால் நின்றுபோயிருக்கும் விசிறி. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம். சாவி அணைக்கப்படாமல் இருந்தால், யாராவது விசிறியைக் கையால் லேசாகச் சுற்றினாலே எஞ்சின் ஒரு வெட்டு வெட்டும். கை போய்விடும், தலையும் போகலாம். ஆகவே முன்பக்கம் போகவே கூடாது. பின்னாலிருந்து, பக்கவாட்டில் கதவுக்குப் போங்கள். தீயோ புகையோ இருந்தால் உள்ளே இருப்பவரை எப்படியாவது உடனே வெளியே இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் கழுத்து, முதுகு அசையாமல் பார்த்துக்கொண்டு 108 வரக் காத்திருங்கள். அவசர உதவி எண் 112-க்கு ஒருவர் போன் போட்டால் போதும், மற்றவர்கள் வண்டி வரும் பாதையை ஒதுக்கிக் கொடுங்கள். ஆளைக் காப்பாற்றுவதற்குத் தவிர உடைந்த ஒரு துண்டைக்கூட நகர்த்தக் கூடாது, விசாரணைக்கு வருகிறவர்களுக்கு அது கிடந்த இடமும் சாட்சி. ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கிற ஆசையும் வேண்டாம்.

இதையெல்லாம் மடலில் படித்தால் மறந்துபோகும். அதனால் அடுத்த கிராமசபையில், அது ஆகஸ்ட் 15-ஆக இருந்தாலும் அக்டோபர் 2-ஆக இருந்தாலும், ஒரு தீர்மானம் போடுங்கள். பள்ளி தொடங்குவதற்கு முன்னாலேயே தீயணைப்புத் துறையும் பள்ளிக்காரர்களும் சேர்ந்து ஊர் ஊராக வந்து, உண்மையான விமானத்தை அல்லது அதன் கூட்டை வைத்து ஒரு ஒத்திகை காட்ட வேண்டும். கதவை எப்படித் திறப்பது, பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று நம் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் பயிர். விமானம் இறங்கியும், பார்க்க வந்த கூட்டம் மிதித்தும் அழிகிற பயிருக்கு யார், எத்தனை நாளில், எந்தக் கணக்கில் பணம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குத்தகைக்கு உழுகிறவர் பெயரும் அதில் இருக்கட்டும், பட்டாதாரர் பெயர் மட்டும் போதாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை மெக்கானிக் ஒருவர்,
கயத்தாறு