நடுப்பெயர் கேட்கும் படிவங்களை வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், விமான நிறுவனங்கள் என்று பல இடங்களில் விண்ணப்பப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பில் இருக்கிறீர்கள். ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம் என்று நீங்கள் போடும் மூன்று கட்டங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

என் அப்பா இறந்த பிறகு அவருடைய ஆயுள் காப்பீட்டுத் தொகை கேட்டு அம்மா விண்ணப்பித்தார். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம், பெயர் பொருந்தவில்லையாம். பாலிசியில் நாமினியாக எழுதியிருக்கும் அம்மாவின் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் அதே இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய்விட்டது. ஆதாரில் இனிஷியலே இல்லை, பெயர் மட்டும். பான் அட்டைக்கு விண்ணப்பித்தபோது லாஸ்ட் நேம் கட்டாயம், அதுவும் இனிஷியலாக இருக்கக் கூடாது என்றதால், எழுதிக் கொடுத்தவர் தாத்தாவின் பெயரை முழுதாகப் போட்டுவிட்டார். நான்கிலும் பிறந்த தேதி ஒன்றுதான். புகைப்படத்தில் இருக்கும் முகமும் ஒன்றுதான்.

கவுன்டரில் இருந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நீங்கதான்னு எனக்குத் தெரியுதும்மா, சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். நான்கு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். சரி, அதையும் செய்தோம். அப்புறம் சொன்னதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அம்மாவின் கையெழுத்தும் பான் அட்டையில் உள்ள பெயரும் வேறாக இருக்கின்றனவாம். இனிமேல் இனிஷியல் இல்லாமல் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

கல்யாணம் ஆன நாள் முதல் அம்மா அப்பாவின் எழுத்தை முன்னால் போட்டுத்தான் கையெழுத்திட்டு வருகிறார். எங்கள் பள்ளி ரேங்க் கார்டுகளில், ரேஷன் கடைப் பதிவேட்டில், வீட்டுப் பத்திரத்தில் என்று எல்லா இடத்திலும் அப்படித்தான். அப்பா போய்ச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. அந்த எழுத்தை விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள் என்று ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தார்கள். பேனாவைப் பிடித்தபடி அம்மா வெகுநேரம் எழுதவே இல்லை. பிறகு எழுதினார். கை பழக்கத்தில் அந்த எழுத்தையே முதலில் போட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்கள்.

ஐயா, அம்மா, இதைப் படிவத்தில் உள்ள ஒரு சிறிய சிக்கல் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் பெயர்கள் எப்படி அமைகின்றன என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்களில் பலருக்கும் வீட்டில் இதே பிரச்சினை இருக்கும். எங்களுக்கு இருப்பது ஒரு பெயர். அதன் முன்னால் தந்தை அல்லது தாயின் எழுத்து, சிலருக்கு ஊரின் எழுத்தும் சேர்ந்து நிற்கும். எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் முதல் எழுத்து மதுரை, இரண்டாவது எழுத்து அவருடைய தாய் சண்முகவடிவு. சி. வி. ராமனின் பெயரில் முதலில் நிற்கும் சந்திரசேகர் அவருடைய தந்தை. கணித மேதை ராமானுஜனின் பெயருக்கு முன்னால் இருக்கும் சீனிவாசனும் அவருடைய தந்தைதான். இவர்களில் யாருக்கும் நடுப்பெயர் கிடையாது. உங்கள் படிவத்தை நிரப்பச் சொன்னால் சுப்புலட்சுமி தன் தாயை எந்தக் கட்டத்தில் வைப்பார், மதுரையை எந்தக் கட்டத்தில் வைப்பார்?

கடைசிக் கட்டம் காலியாக இருப்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதை விட்டுவிட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பெரியாரும் தன் பெயரில் இருந்த நாயக்கரை நீக்கினார். அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் பெயருக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவிட்டு, முன்னால் ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொண்டன. ஒருவருடைய பெயரைக் கேட்டதும் சாதி தெரியக் கூடாது என்று ஒரு சமூகம் நினைத்துச் செய்த காரியம் இது. இன்று அந்த இடத்தைக் காலியாக விட்டால் திரை சிவப்பு நிறத்தில் பிழை காட்டுகிறது. குடும்பப் பெயரைப் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கே போக முடிகிறது. எங்கள் தாத்தாக்கள் யோசித்து விட்டுவிட்டதை நிரப்பு என்று எங்களைக் கட்டாயப்படுத்த உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கோபமாகத்தான் கேட்கிறேன், மன்னிக்க வேண்டும்.

எனவே எங்கள் கோரிக்கை இது. முழுப் பெயருக்கு ஒரே கட்டம் கொடுங்கள். அதில் எங்கள் பெயரை நாங்கள் எழுதுகிறபடியே, இனிஷியலும் புள்ளியும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது, கோடிக்கணக்கானவர்களின் பெயர் அதில் அடங்கியிருக்கிறது. உலக அளவில் விதி இருப்பதால்தான் மூன்று கட்டம் என்று சிலர் சொல்கிறார்கள், அதுவும் சரியில்லை. பாஸ்போர்ட்டுக்கான சர்வதேசத் தரத்தில் நடுப்பெயர் என்று ஒரு பகுதியே இல்லை. பாஸ்போர்ட்டின் கீழே இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயருக்கு 39 இடங்கள். அதற்குள் முதன்மைப் பகுதி, துணைப் பகுதி என்று இரண்டு மட்டும்தான். பெயரின் எந்தப் பகுதி முதன்மை என்பதைப் பாஸ்போர்ட் கொடுக்கும் நாடே தீர்மானிக்கலாம். ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. நம் பாஸ்போர்ட்டிலும் சர்நேம், கிவன் நேம் என இரண்டு வரிகள்தான் இருக்கின்றன. ஆனால் அதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விமான டிக்கெட் எடுக்கப் போனால் மிடில் நேம் என்ன என்று கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டிலேயே இல்லாத ஒன்றை எதைப் பார்த்து நிரப்புவது? ஏதாவது ஒன்றை எழுதினால் முதல் பெயரையும் நடுப்பெயரையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, அதன் வாலில் மிஸ்டர், மிஸ் என்பதையும் சேர்த்து அச்சடித்துத் தருகிறார்கள். இந்தப் பெயரோடு உள்ளே விடுவார்களா என்ற பயத்தோடுதான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பயம் வீணானதும் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பதை அறிவீர்கள். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகுதான் விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரரின் பெயரைக் குடும்பப் பெயரின் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகளை அச்சிடுகிறார்கள். அதுவே அவர்களுடைய ஓட்டுநர் உரிமம் வரைக்கும் கூடவே போகிறது. பெற்றோர் ஆசையாக வைத்த பெயரைக் கையில் வைத்திருப்பவரிடம் உன் பெயர் தெரியவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமானம்!

இது எங்களுக்கு மட்டும் உள்ள துயரமும் இல்லை. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே தொலைபேசிப் புத்தகத்தையே முதல் பெயர் வரிசையில்தான் தொகுத்தார்கள். ஸ்பெயின்காரருக்குத் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். வியட்நாமியருக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். இந்தோனேசியாவின் முதல் இரண்டு குடியரசுத் தலைவர்களான சுகர்ணோ, சுகார்த்தோ இருவருமே ஒற்றைப் பெயர்க்காரர்கள். நடுப்பெயர் வைக்கும் வழக்கம் உள்ள நாடுகளிலேயே கூட அமெரிக்காவின் 18-ஆவது குடியரசுத் தலைவர் கிராண்டுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அவருக்கு வைத்த பெயர் ஹைரம் யுலிசிஸ் கிராண்ட். 1839-இல் ராணுவக் கல்லூரிக்கு அவரைப் பரிந்துரைத்தவர் பெயரைத் தவறாக எழுதிவிட, ஹைரம் காணாமல் போய், நடுவில் எஸ் என்ற எழுத்து வந்து உட்கார்ந்தது. அது கடைசிவரை போகவே இல்லை. ஒரு தாளில் விழுந்த பிழை ஒரு மனிதரின் பெயரையே மாற்றிவிட்டது.

உங்கள் கட்டங்கள் எங்கள் மனதில் என்ன செய்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பெயரை லாஸ்ட் நேமாகப் போட்டுவிட்டால் அப்புறம் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மருத்துவமனையில் டோக்கன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அவர் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கிறது. அவர் இருந்தவரை அது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். இப்போது அது கேட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. என் தோழி ஒருத்தி மணவிலக்குப் பெற்றவள். முன்னாள் கணவரின் பெயர் மிடில் நேமாக ஒரு வங்கிக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாதவரிடம் தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய் மட்டுமே வளர்த்த பிள்ளைகள் தாயின் எழுத்தைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். மணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று பாஸ்போர்ட் விதியே 2016 டிசம்பரில் மாறிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இந்த எழுத்துக்கு விரிவு என்ன, அப்பா பெயர் எங்கே என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டு நிற்க வைக்கும் படிவங்கள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், தனக்கு இடையில் வைத்த பாட்டியின் பெயரை உயிராக நினைப்பவர்களும் உண்டு. இடம் போதவில்லை என்று உங்கள் கணினி வெட்டித் தள்ளுவது அந்தப் பாட்டியைத்தான்.

எழுத எழுத இன்னொன்றும் மனதில் வருகிறது. தட்டச்சுப் பிழை உங்கள் பக்கம் நேர்ந்தாலும் அலைச்சல் எங்களுக்குத்தான். ஓர் எழுத்து மாறினால் அரசிதழில் விளம்பரம் கொடு, சான்று கொண்டு வா, வாழ்நாளில் இரண்டு முறைதான் ஆதாரில் பெயரைத் திருத்தலாம் என்று எல்லா நிபந்தனையும் எங்கள் தலையில் விழுகிறது. இனிஷியல் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஒரே ஆள்தான் என்று ஒரு மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுப்பது, முதியவர்களை நோட்டரி வாசலில் நிறுத்துவதை விடவா கடினம்? நாட்டின் எல்லாச் சேவையையும் கைபேசிக்குள் கொண்டு வந்துவிட்டோம் என்கிறீர்கள். அந்தச் சேவைகளால் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பெயரை இன்னும் சரியாக எழுத முடியவில்லை.

சரி, கோபத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். பணிவோடு கேட்க வந்தவள் நான். முழுப் பெயருக்கு ஒரே கட்டம் கொடுங்கள். எப்படி அழைக்க வேண்டும் என்பதைத் தேவைப்பட்டால் தனியாகக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்கிறோம். பெயரைப் பிரித்தே ஆக வேண்டிய இடங்களில் பாஸ்போர்ட்டில் இருப்பது போல இரண்டு வரிகளோடு நிறுத்துங்கள், அதில் ஒன்றைக் காலியாக விடும் உரிமையையும் கொடுங்கள். பிறந்த தேதியும் புகைப்படமும் மற்ற அடையாளங்களும் ஒத்துப்போகும்போது, இனிஷியல் இடம் மாறியதற்காகவோ விரிந்து இருப்பதற்காகவோ பிரமாணப் பத்திரம் கேட்பதை நிறுத்துங்கள். கணவரை இழந்து வருகிற பெண்களின் விண்ணப்பங்களில் இதை முதலில் நடைமுறைப்படுத்துங்கள், ஏனென்றால் தந்தையின் எழுத்திலிருந்து கணவரின் எழுத்துக்கு மாறியவர்கள் அவர்கள்தான். நான்கு தாள்களில் நான்கு விதமாகப் பெயர் இருப்பதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

அடுத்த முறை படிவத்தை மாற்றி அமைக்கும்போது எங்களைப் போன்றவர்களையும் அழைத்து ஒருமுறை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்குகிறது என்று அங்கேயே காட்டித் தருகிறோம். அம்மாவின் விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அவர் கணவரின் எழுத்தோடு போட்ட கையெழுத்தையே ஏற்று அதை முடித்துத் தருமாறு சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தன் பெயரைத் தான் எழுதுகிறபடியே வைத்துக்கொள்ள விரும்பும் ஒரு மகள்