மலைப்பாம்பைத் தூக்கப் பார்க்கும் தம்பிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்க புளோக் பசங்க பால் பைத்தான்னு (ball python) ஒரு சின்ன வகை மலைப்பாம்பை வளர்க்குற வீடியோவா பார்த்துட்டு, கால்வாய்ல வர்ற மலைப்பாம்பையும் அப்படியே கையில தூக்கிரலாம்னு பேசிக்கிறாங்க. அந்த வீடியோல இருக்கிறவரே எலியை நீளமான இடுக்கியாலதான் நீட்டுறாரு, ஏன்னா கையில எலி வாசனை இருந்தா பாம்புக்குக் கையும் இரைதான், சாப்பிட்ட பிறகு ரெண்டு நாளைக்கு அதைத் தொடவும் மாட்டாரு, இதையெல்லாம் பசங்க எங்க கவனிக்கிறாங்க! அதுவும் வெளிநாட்டு வீடியோ, சிங்கப்பூர்ல பாம்பு வளர்க்குறதே சட்டவிரோதம். மலைப்பாம்புக்கு விஷம் இல்லதான், ஆனா பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், கடிச்சதும் கையை வெடுக்குன்னு இழுத்தா சதை கிழியும். பாம்பைப் பார்த்தா தள்ளி நின்னு என்பார்க்ஸுக்கு (தேசியப் பூங்காக் கழகம்) 1800-476-1600ல போன் போடுங்க தம்பிகளா.

- ஈசூன் வாசகர்