முதல் மருந்து ஏற முன்னம் கேட்ட கேள்விக்கு நன்றி

யாழ்ப்பாணம்

புற்றுநோய் விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் பணிபுரியும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும் அவர்களுக்குத் துணைநின்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

இளம் புற்றுநோயாளரின் கருவளத்தை, அதாவது பின்னாளில் பிள்ளை பெறும் ஆற்றலை, சிகிச்சையின் பாதிப்பிலிருந்து காப்பது பற்றி விடுதிகளில் வைத்துப் பார்க்கக்கூடிய சிறு கைந்நூல் ஒன்று இப்போது முழுமையாகிவிட்டது. அதன் முதல் வரைபு மருந்துப் பெயர்களாலும் ஓமோன் விளக்கங்களாலும் நிறைந்திருந்தது. அதை இரவுக் கடமையிலும் கைக்கு எடுக்கக்கூடிய ஒன்றாக மாற்றியது நீங்கள் ஓரங்களில் எழுதித் தந்த திருத்தங்கள்தான். அதற்கான நன்றியைப் பொதுவில் சொல்லவேண்டும் என்பதால் இந்த மடல்.

நோய் இன்னதென்று உறுதியாகும் நாளுக்கும் முதல் கீமோ (புற்றுநோய் மருந்து) ஏறும் நாளுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் சத்திரசிகிச்சை முடிந்து மருந்து தொடங்கப் பெரும்பாலும் சில வாரங்கள் கிடைக்கும். கடுமையான குருதிப் புற்றுநோயில் ஓரிரு நாள்கூடக் கிடைக்காமல் போகலாம். விந்தையோ முட்டையையோ எடுத்துச் சேமிப்பது போன்ற, கருவளத்தைக் காக்கும் வழிகள் அநேகமாக எல்லாமே அந்த இடைவெளிக்குள்தான் அடங்கும். வைத்தியர் நோயின் நிலையையும் எத்தனை சுற்று மருந்து என்பதையும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகவேண்டியவர். நிறையும் உயரமும் அளக்க, குருதி எடுக்க, கனுலா போட என்று திரும்பத் திரும்ப அந்தக் கட்டிலடிக்கு வருவது நீங்கள். இனிப் பிள்ளை பிறக்குமா என்று வாயில் வந்த கேள்வியை நோயாளர் விழுங்கிவிடுகிறாரா கேட்டுவிடுகிறாரா என்பது பெரும்பாலும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான்.

வரைபைப் படித்தபோது உங்களில் பலர் மனதில் இருந்ததை மறைக்காமல் எழுதியிருந்தீர்கள். “கலியாணம் ஆகாத பிள்ளையிட்ட இதைப் போய் எப்பிடிக் கேக்கிறது?” “ஏற்கனவே ரெண்டு பிள்ளையள் இருக்குத்தானே.” “முதல்ல உயிர் தப்பட்டும்.” “அவையளிட்ட அதுக்குக் காசு இருக்காது.” “டொக்டர் சொல்லுவார்தானே.” இந்த ஐந்து வசனங்களும் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியவை அல்ல. தாதியர் மனப்பாங்கு பற்றி வேறு நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளிலும் இதே தயக்கங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கருவளம் பற்றிப் பேசுவது முக்கியம் என்று பெரும்பாலான தாதியர் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் என்ன சொல்வது, யாரிடம் அனுப்புவது என்று தெரியாததால் பேச்சைத் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே அறிவுரைக்குப் பதிலாகத் தகவல் தாருங்கள் என்று நீங்கள் கேட்டது மிகச் சரி. கைந்நூலின் போக்கே அந்தக் கோரிக்கையால்தான் மாறியது.

வைத்தியரின் வேலை என்ற எண்ணத்துக்குத் தெளிவான பதில் இருக்கிறது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் இதற்கான வழிகாட்டலை 2006 இல் வெளியிட்டது. 2013 இல் அதைப் புதுப்பித்தபோது, புற்றுநோய் வைத்தியர் என்று இருந்த இடத்தில் சுகாதாரப் பணியாளர் என்று எழுதி, பொறுப்பைத் தாதியருக்கும் விரித்தது. கலியாணம் ஆகாதவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி மிகவும் வேண்டியது. காசைப் பற்றிய முடிவு குடும்பத்தின் முடிவு. கனடாவில் இருக்கும் மாமா தருவாரா, நகையை அடகு வைப்பார்களா, வேண்டாம் என்று விடுவார்களா என்பதை நாங்கள் கட்டிலடியில் நின்று கணித்துவிட முடியாது. உயிர்தான் முதல் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பல நோய்களில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க நேரம் இருக்கிறது. நேரம் இல்லாதபோது அதையும் வாய்திறந்து சொல்வதே மரியாதை. கருவளம் காக்கும் சிகிச்சையைச் செய்யாமல் விட்டவர்களிலும், அதுபற்றி முன்கூட்டியே முறையாகக் கேட்டறிந்தவர்களுக்குப் பின்னாளில் மனவருத்தம் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரு நீண்ட பந்தி. உங்களில் ஒருவர் அதை வெட்டி எறிந்துவிட்டு இப்படி எழுதினார்: “தம்பி, இந்த மருந்தால பின்னுக்குப் பிள்ளை பிறக்கிறதில சிக்கல் வரலாம். மருந்து ஏத்த முன்னம் அதுக்குச் செய்யக்கூடியது இருக்கு. கதைப்பமோ?” அட்டையின் உட்பக்கத்தில் அதை அப்படியே போட்டிருக்கிறோம். பதினாறு பதினேழு வயதுப் பெடியன் என்றால் தாய் தகப்பனைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும் என்பதும் அவர் சேர்த்ததே. தாய்க்கு முன்னால் அந்த வயதில் யாரும் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

விந்துச் சேமிப்புப் பகுதியில் உங்கள் திருத்தங்கள்தான் அதிகம். ஒரு சுற்றுக் கீமோ ஏறினபிறகு எடுக்கும் விந்தில் மரபணுச் சேதம் இருக்கக்கூடும். ஆகவே மருந்துக்கு முன்னரே எடுக்கவேண்டும். இரண்டு மூன்று நாள் விந்து வெளியேறாமல் இருந்தால் நல்லது. அவகாசம் இருந்தால் ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று மாதிரிகள் எடுக்கலாம். அவகாசம் இல்லையென்றால் ஒரு மாதிரியே போதும். விந்தணு குறைவு என்று ஆய்வுகூடம் சொன்னாலும் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு விந்தணுவை ஒரு முட்டைக்குள் நேரே ஊசியால் செலுத்தும் முறை 1992 முதல் இருக்கிறது. காய்ச்சலாலும் நோயாலும் எண்ணிக்கை குறைவது வழமை.

இனிப் பிழை நேரும் இடங்கள். ஆய்வுகூடம் தரும் வாயகன்ற கிருமியற்ற போத்தலைத் தவிர வேறு எதிலும் எடுக்கக்கூடாது. சாதாரண ஆணுறை விந்தணுவைக் கொன்றுவிடும். தேங்காயெண்ணெய், சவர்க்காரம், உமிழ்நீர் எதுவும் படக்கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அவை சிந்திப்போனால் ஆய்வுகூடத்துக்குச் சொல்லவேண்டும். வெளியே எடுத்த மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச்சேரவேண்டும். உடம்புச் சூட்டிலேயே, சட்டைக்குள் உடலோடு ஒட்டிக் கொண்டுபோகவேண்டும். குருதி மாதிரிகள் ஐஸ் பெட்டியில் போவதைப் பார்த்த பழக்கத்தில் இதையும் ஐஸில் வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது என்று நீங்கள் எச்சரித்ததால், அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டோம். இந்த ஒரு மணித்தியாலக் கணக்கால்தான் மாதிரியை இங்கே எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப முடியாது. விந்தை உறையவைக்கும் தாங்கி இருக்கும் இடத்துக்கு ஆள்தான் போகவேண்டும். அங்கே திரவ நைதரசனில், மறை 196 பாகை செல்சியஸில், ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். உறைந்த விந்தால் கருத்தரித்த முதற் குழந்தைகள் பற்றிய செய்தி 1953 இல் வந்தது. ஆகவே புதுமுறை, பரிசோதனைமுறை என்று அஞ்சும் பெற்றோருக்கு அந்த ஆண்டைச் சொன்னாலே போதும்.

எச்.ஐ.வி., ஹெபரைரிஸ் பி, ஹெபரைரிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான குருதிப் பரிசோதனை முடிவுகளைச் சேமிப்பு நிலையங்கள் கேட்கும். மற்றப் பரிசோதனைகளுக்குக் குருதி எடுக்கும் அன்றே இதற்கும் சேர்த்து எடுத்தால் பயணம் பிந்தாது. இதை முதலில் சுட்டிக்காட்டியவர்கள் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்கள். அவர்களுக்கும், முடிவுகளை விரைவாகத் தந்ததற்காக, எங்கள் தனி நன்றி.

பெண்களின் பகுதி இதைவிடச் சிக்கலானது. முட்டைகளை எடுத்து உறையவைக்க, முதலில் அவற்றை முதிரவைக்கும் ஓமோன் ஊசிகள் ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாளுக்குப் போடப்படும். அடுத்த மாதவிடாய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த நாளிலும் தொடங்கலாம். இந்த ஒரு தகவல் தெரியாததால், நேரம் போதாது என்று சொல்லிப் பலரை அனுப்பாமலே விட்டுவிட முடியும். ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோனால் வளரும் மார்பகப் புற்றுநோய் என்றால், அந்த ஓமோன் அளவு ஏறாமல் இருக்க லெற்றோசோல் குளிசையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணித்தியாலத்தில் முட்டைகளை எடுப்பார்கள். அந்த ஊசியின் நேரம் பிசகினால் முழு முயற்சியும் வீணாகலாம். ஆகவே அதை மணியோடு எழுதிக் கையில் கொடுக்கவேண்டும். வயிறு வீங்குதல், மூச்சு முட்டுதல், சிறுநீர் குறைதல் என்பன, முட்டை உருவாகும் சூலகம் இந்த ஊசிகளால் மிகையாகத் தூண்டப்பட்டதன் அறிகுறிகள். இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினவர் காலையில் உங்களிடம்தான் வருவார்.

முட்டைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கான் பரிசோதனை யோனிவழியாகச் செய்யப்படுவது வழக்கம். கன்னித்தன்மை பற்றிய பயம் தாய்மாருக்கு இருக்கிறது. அதைக் கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். வளர்ச்சியைப் பார்க்க வயிற்றின் மேலாலும் ஸ்கான் செய்யலாம். முட்டை எடுப்பது மட்டும் பெரும்பாலும் மயக்கத்தில் யோனிவழியாகவே நடக்கும். இதைக் கடைசி நேரத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில் சொல்லாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்று எழுதியவர், முப்பது வருடம் விடுதி பார்த்த கையால் எழுதியது போலிருந்தது. அவருக்கு எங்கள் வணக்கம்.

சூலகத்தை ஓய்வில் வைக்கும் கொசெரலின் ஊசி பற்றிய குழப்பத்தையும் நீங்களே தெளிவாக்கினீர்கள். 3.6 மில்லிகிராம், 28 நாளுக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலின் கீழ். முதல் ஊசி கீமோவுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னர். கீமோவால் சூலகத்துக்கு வரும் சேதத்தைக் குறைப்பதற்கு இது உதவக்கூடும், முக்கியமாக மார்பகப் புற்றுநோயில். ஆனால் முட்டைச் சேமிப்புக்குப் பதிலீடு ஆகாது. உள்ளே இருப்பது திரவமல்ல, சிறு குச்சி போன்ற மருந்து. மற்ற ஊசிகளைப் போலக் காற்றை வெளியே தள்ள முயன்றால் அது இடம்பெயர்ந்துவிடும். ஊசி தடித்தது என்பதால் குருதி உறைய உதவும் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் போடக்கூடாது.

பூப்படையாத சிறுமிகளுக்குச் சூலகத் துண்டை எடுத்து உறையவைப்பது மட்டுமே வழி. அப்படி வைத்துத் திரும்பப் பொருத்தியபின் பிறந்த முதற் குழந்தை 2004 இல் பெல்ஜியத்தில் பிறந்தது. குருதிப் புற்றுநோயில் அந்தத் துண்டோடு நோயணுக்களும் திரும்பக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். விந்து உருவாகாத வயதுச் சிறுவர்களுக்கான முறைகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே நிற்கின்றன. பெற்றோருக்கு அதற்குமேல் நம்பிக்கை கொடுக்கக்கூடாது.

மருந்துகளின் பக்கத்தைச் சுருக்கித் தந்த மருந்தாளர்களுக்கும் நன்றி. ஏற்றப்போகும் மருந்து சைக்ளோபொஸ்பமைட், புரோகார்பசின், பியூசல்பான், மெல்பலான் என்றால் உடனே கேள்வியை எழுப்புங்கள். வின்கிறிஸ்ரின், மெதொற்றெக்சேற் தனியே என்றால் கருவளத்துக்கு ஆபத்துக் குறைவு. இதே விவரத்தோடு ஒரு சிறு அட்டை, மருந்து கலக்கும் மேசைக்கு மேலே ஒட்டும்படி ஆகியிருக்கிறது. கரண்ட் பிடிக்கிறவர்களுக்கு (கதிர்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கு), இடுப்புப் பகுதிக்கு என்றால் சூலகத்தை மேலே இடம்மாற்றி வைக்கமுடியுமா, ஆண்களின் விதைகளைக் கதிர் படாமல் மறைக்கமுடியுமா என்பதைத் திட்டமிடும் நாளுக்கு முன்னரே கேட்கவேண்டும். அங்கே கருப்பையும் பாதிக்கப்படும்; முட்டை சேமித்திருந்தாலும் சுமப்பது கடினமாகலாம்.

2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ நிதி திரட்டியவர்களையும் இங்கே நினைக்கிறோம். சிகிச்சை வீட்டுக்குக் கிட்ட வந்ததால்தான் இப்படியான கேள்விகளுக்கும் விடுதியில் இடம் வந்தது. சேமிப்புக்காகக் கொழும்புக்குப் போனவர்களுக்கு வெள்ளவத்தையில் அறையும் சாப்பாடும் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி. ஆங்கிலத்தில் இருந்த சம்மதப் படிவங்களை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. அந்தப் படிவத்தில், நோயாளர் இறந்துவிட்டால் சேமித்ததை என்ன செய்வது என்றொரு கேள்வி இருக்கிறது. அதை விழுங்காமல் மெதுவாக வாசித்துக் காட்டி, பதில் வரும்வரை காத்திருந்தீர்கள்.

வேண்டாம் என்றவர்களிடம் அதற்குப் பிறகும் முகம் மாறாமல் நடந்துகொண்டதற்கும் நன்றி. வேண்டாம் என்பதும் ஒரு பதில்தான். கிளினிக் கொப்பியில் “கேட்கப்பட்டது, விளக்கப்பட்டது, விரும்பவில்லை” என்று திகதியோடு எழுதும் வழக்கம் உங்களால் வந்தது. அடுத்த சுற்றில் வேறொருவர் வந்து அதே காயத்தைத் திரும்பக் கிளறாமல் இருக்க அது உதவுகிறது. அதோடு, மாதவிடாய் நின்றாலும் கர்ப்பம் தரிக்கலாம் என்பதால் கீமோ நடக்கும் காலம் முழுவதும் கருத்தடை தேவை என்ற வரியை வீடு வீடாகக் கொண்டுபோன குடும்பநல மாதுமாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசியாக, கிளினிக் பதிவேட்டைப் பார்க்கிறவர்களுக்கு. சேமிப்புக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. தொலைபேசி இலக்கம் மாறி, வீடு மாறி, நாடு மாறிப் போனவரை நிலையம் தேடிப்பிடிக்க முடியாமற்போகலாம். ஒவ்வொரு கிளினிக் நாளிலும் இலக்கத்தைத் திரும்பக் கேட்டு, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் இலக்கத்தையும் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறீர்கள். அந்தப் பென்சில் எழுத்துக்காகவே கைந்நூலின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வெற்றுக் கோடுகள் விட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
கைந்நூல் தொகுப்புக் குழுவினர்
யாழ்ப்பாணம்