ஏற்காட்டில் கேட்ட குரல்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு ஏற்காட்டில், ஒரு காபித் தோட்ட வீட்டு வாசலில், சாண்டி டென்னி என்ற இங்கிலாந்துப் பாடகியின் நினைவாக நாலைந்து பிள்ளைகள் கிதாரோடு உட்கார்ந்து பாடினார்கள். 1978இல் 31 வயதிலேயே இறந்துபோனவர். 1969இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவோடு சேர்ந்து, தன் ஊர்ப் பழைய கதைப்பாடல்களை எலெக்ட்ரிக் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அவற்றின் துக்கம் கெடாமல் பாடியவர். எனக்கு வார்த்தைகள் பாதிதான் புரிந்தன, ஆனாலும் கண் கலங்கிவிட்டது, சின்ன வயதில் எடப்பாடிப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்த ஞாபகம் வந்துவிட்டது.

சரி, நம் கூத்து வாத்தியார்கள் மறைந்தால் யார் இப்படி உட்கார்ந்து அவர்கள் பாட்டைப் பாடுகிறோம்? ஏற்காடு கோடை விழாவில் ஒரு மாலையையாவது அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். பாட்டுத் தெரிந்த சீடர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்